270 ரூபாய்க் கோப்பை

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் மோதும் ரக்பி ஆட்டத்தில் வென்ற அணிக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கிடைக்கும். உயரம் ஒரு முழம். கைப்பிடிகள் மூன்று, மூன்றும் ராஜநாகங்கள். மூடியின் உச்சியில் அம்பாரி வைத்த யானை ஒன்று நிற்கிறது. மரப்பீடத்தில் பதித்த தகடுகளில் ஆட்டம் நடந்த தேதி, வென்ற நாடு, இரு அணித் தலைவர்களின் பெயர்கள். எடின்பரோவில் ஏது யானையும் நாகமும்? கோப்பையின் பெயரிலேயே விடை இருக்கிறது: கல்கத்தா கோப்பை. சர்வதேச ரக்பியின் மிகப் பழைய பரிசு, இந்திய வெள்ளி ரூபாயை உருக்கிச் செய்தது.

கதை 1872 கிறிஸ்துமஸ் அன்று தொடங்குகிறது. கல்கத்தாவில் வேலை பார்த்த ஆங்கிலேயர்கள் ஒரு பக்கம். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள் மறுபக்கம். பக்கத்துக்கு 20 பேர் இறங்கி ரக்பி ஆடினார்கள். ஆட்டம் பிடித்துப்போகவே ஒரு வாரத்தில் மறுபடியும் ஆடினார்கள். 1873 ஜனவரியில் கல்கத்தா ஃபுட்பால் கிளப் பிறந்தது. அந்தக் காலத்தில் ஃபுட்பால் என்றால் ரக்பியையும் குறிக்கும். அடுத்த ஆண்டே அந்தக் கிளப் லண்டனில் இருந்த ரக்பி ஃபுட்பால் யூனியனில் உறுப்பினராகச் சேர்ந்தது.

ஐந்து ஆண்டுகூட முழுதாக ஓடவில்லை. ரக்பி ஆடிய படைவீரர்கள் மாற்றலாகிப் போனார்கள். வங்காளத்து வெயிலில் விழுந்து புரள்வதைவிட டென்னிஸும் போலோவும் துரைமார்களுக்குத் தோதாக இருந்தன. கிளப்பில் இலவசமாகக் கொடுத்துவந்த மதுவை நிறுத்தியதும் உறுப்பினர்களும் குறைந்துபோனார்கள் என்று ஒரு கதை உண்டு. ரக்பிக்காரர்கள் இன்றும் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கடைசியில் கணக்கில் கொஞ்சம் பணமும் கையில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களும்தான் மிச்சம். கிளப்பின் அணித் தலைவர், செயலாளர், பொருளாளர் என மூன்று பொறுப்பையும் ஒருவரே சுமந்தார், அவர் ஜி. ஏ. ஜேம்ஸ் ராத்னி. மிச்சப் பணத்தை விருந்தில் கரைக்காமல் நல்ல இந்திய வேலைப்பாட்டில் ஒரு கோப்பை செய்து அனுப்புகிறோம் என்று 1877 டிசம்பரில் அவர் லண்டனுக்குக் கடிதம் எழுதினார். லண்டன் சம்மதித்தது. வங்கிக் கணக்கை முடித்து 270 வெள்ளி ரூபாயை எடுத்து உருக்கினார்கள்.

அந்த ரூபாய்கள் எவ்வளவு கனம் இருந்திருக்கும்? நான் வசிக்கும் ஹைதராபாத்தில் நகைக்கடைக்குப் போனால் இன்றும் பவுன் என்று கேட்கமாட்டார்கள். துலம் என்றுதான் கேட்பார்கள். இப்போதைய துலம் 10 கிராம். பழைய தோலா 11.66 கிராம்; விக்டோரியா ரூபாய் ஒன்றின் எடை சரியாக ஒரு தோலா. ஆக 270 ரூபாய் என்றால் மூன்று கிலோவுக்குச் சற்று மேல். அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. ஒரு கிளப்பின் மொத்தச் சொத்தையும் தட்டானின் தராசில் ஒரே நிறுவையில் நிறுத்துவிடலாம்.

ராத்னியின் ஆசை வேறாக இருந்தது. கால்பந்தில் எஃப்.ஏ. கோப்பைக்குக் கிளப்புகள் மோதுவதுபோல ரக்பிக் கிளப்புகளும் ஆண்டுதோறும் இந்தக் கோப்பைக்கு ஆடவேண்டும் என்று விரும்பினார். யூனியன் மறுத்துவிட்டது. கோப்பைக்காகக் கிளப்புகள் அடித்துக்கொண்டால் கனவான்களின் ஆட்டம் கெட்டுவிடுமாம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆட்டத்தோடு அதை முடிச்சுப் போட்டார்கள். 1879 மார்ச் 10 அன்று எடின்பரோவின் ரேபர்ன் பிளேஸில் நடந்த முதல் ஆட்டம் டிரா. மறு ஆண்டு மான்செஸ்டரில் இங்கிலாந்து வென்று கோப்பையை எடுத்துக்கொண்டது. மான்செஸ்டர் பஞ்சாலைகளின் ஊர் என்பதை நினைவில் வையுங்கள். கதை அந்தப் பக்கம் திரும்பப்போகிறது.

கோப்பை போன பிறகு கல்கத்தாவில் என்ன மிஞ்சியது? 1884இல் கல்கத்தா கிரிக்கெட் கிளப் ரக்பியை மறுபடி தொடங்கியது. 1890இல் உள்ளூர்க் கிளப்புகளுக்கென்று ஒரு கோப்பையும் வந்தது. ஆனால் ஆடியவர்கள் பெரும்பாலும் அதே துரைமார்களும் சிப்பாய்களும்தான். மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்த வங்காளிப் பையன் கால்பந்தை எடுத்துக்கொண்டான். 1911இல் மோகன் பகான் அணி பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை வென்றது. ஹைதராபாத்திலும் அப்படித்தான். நகரப் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அதன் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் 1962இல் ஜகார்த்தாவில் இந்தியாவுக்கு ஆசியத் தங்கம் வாங்கிக்கொடுத்தார். கான்ஸ்டபிளின் ஆட்டமானதால்தான் கால்பந்து இந்த ஊரில் வேர் பிடித்தது.

பாக் நீரிணையைத் தாண்டினால் ரக்பியின் கதையே வேறு. கல்கத்தா கோப்பையின் முதல் ஆட்டம் நடந்த அதே 1879இல்தான் கொழும்பில் முதல் ரக்பி கிளப் தொடங்கியது. அதுவும் துரைமார்களின் கிளப்தான். ஆனால் லூயி எட்மண்ட் பிளேஸ் என்ற பறங்கியர் 1891இல் கண்டியில் கிங்ஸ்வுட் பள்ளியைத் தொடங்கியபோது மாணவர்களுக்கு ரக்பியையும் கற்றுக்கொடுத்தார். 1906இல் கிங்ஸ்வுட்டும் டிரினிட்டியும் மோதியது இலங்கையின் முதல் பள்ளிகளுக்கிடையான ஆட்டம். இன்று அங்கே பள்ளி ரக்பிக்கு ஊரே திரண்டு வரும். கல்கத்தாவுக்கு ஒரு ராத்னி கிடைத்தார். கண்டிக்கு ஒரு வாத்தியார் கிடைத்தார்.

இனி வட இங்கிலாந்துக்கு வருவோம். யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கம் ரக்பி ஆடியவர்கள் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் வேலை செய்தவர்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அரைநாள் கூலி போகும். இழந்த கூலிக்கு ஈடாக ஆறு ஷில்லிங் கொடுக்கலாமே என்று வடக்குக் கிளப்புகள் கேட்டன. 1893இல் யூனியன் கூட்டத்தில் ஓட்டெடுப்பு நடந்தது: ஆதரவு 136, எதிர்ப்பு 282. கல்கத்தாவின் 270 ரூபாயை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்ட அதே சங்கத்துக்கு, சொந்த நாட்டுத் தொழிலாளியின் ஆறு ஷில்லிங் கசந்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் 20க்கும் மேற்பட்ட கிளப்புகள் கூடித் தனிக்குடித்தனம் போயின. அதுதான் பின்னாளில் ரக்பி லீக் ஆனது.

இந்தப் பிரிந்துபோன பிள்ளையின் ரசிகன் நான். சிட்னியில் மாலை ஆட்டம் என்றால் நமக்குப் பிற்பகல். அலுவலகத்தில் டீ குடிக்கும் நேரத்துக்குக் கைப்பேசியில் கடைசி நிமிடங்கள் ஓடிக்கொண்டிருக்கும். எட்டிப் பார்ப்பவர்கள் இதென்ன என்று கேட்டால் பந்து வைத்து ஆடும் கபடி என்பேன். ஒருவன் பந்தோடு எதிரணியின் வரிசைக்குள் பாய்வான், நாலு பேர் சேர்ந்து மடக்குவார்கள், எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளுவான், அடுத்தவன் பாய்வான். ஆறு முறை மடக்கப்பட்டால் பந்து கைமாறும். பக்கத்துக்கு 15 பேரில் இருவரை 1906லேயே குறைத்துவிட்டதால் ஓட இடம் இருக்கும். டிக்கெட் வாங்கிய தொழிலாளிக்கு ஆட்டம் கண்ணுக்குத் தெரியவேண்டும், தேங்கக்கூடாது என்று விதிகளைத் திருத்திக்கொண்டே வந்த ஆட்டம் இது.

ரக்பி லீக்குக்கும் ஒரு கோப்பை உண்டு. அதன் சாகசம் கல்கத்தா கோப்பையை மிஞ்சும். போர்க்காலத்தில் பிரான்சின் விஷி அரசு 1941இல் ரக்பி லீக்கைத் தடைசெய்து சொத்துகளைப் பறிமுதல் செய்தது. ஜெர்மானியரை எதிர்த்த தலைமறைவு இயக்கத்தில் இருந்த பால் பாரியேர், போர் முடிந்ததும் ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தியவர்களில் ஒருவர். அவர் முயற்சியில்தான் 1954இல் பிரான்சில் முதல் உலகக் கோப்பை நடந்தது. கோப்பையைக் கொடுத்தவரும் அவர்தான். வந்தவை நான்கே அணிகள். இறுதியாட்டத்தில் பிரிட்டன் 16–12 என்று பிரான்சை வென்றது. 1970இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு ஹோட்டல் ஒன்றில் காட்சிக்கு வைத்திருந்த அந்தக் கோப்பை திருடுபோனது. 20 ஆண்டு கழித்து அதே ஊரில் ஒரு பள்ளத்தில் கிடந்ததை எடுத்தார்கள்.

அந்த 20 ஆண்டும் ஆட்டம் நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கோப்பை எங்கேயோ மண்ணில் கிடந்த 1986இல், பப்புவா நியூ கினி தன் மண்ணில் நியூசிலாந்தை வென்றது. அந்த நாட்டின் தேசிய விளையாட்டே ரக்பி லீக்தான். 2028 முதல் அவர்களுடைய அணி ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். போட்டியில் ஆடப்போகிறது. 2022இல் இங்கிலாந்தில் ஆண்கள், பெண்கள், சக்கர நாற்காலி ஆட்டக்காரர்கள் என மூன்று உலகக் கோப்பைகளும் ஒரே சமயத்தில் நடந்தன. ஆண்கள் பிரிவில் 16 அணிகள். சொந்த நாட்டில் தடைக்குப் பயந்து ரகசியமாக ஆடிவந்த கிரேக்க அணி அதில் ஆடியது. குட்டித் தீவு நாடான சமோவா 27–26 என்று இங்கிலாந்தைச் சாய்த்து இறுதியாட்டத்துக்கே போனது.

கல்கத்தா கோப்பைக்கும் அடிபட்ட வரலாறு உண்டு. 1988இல் எடின்பரோவில் இங்கிலாந்து வென்ற இரவு, இங்கிலாந்தின் டீன் ரிச்சர்ட்ஸும் ஸ்காட்லாந்தின் ஜான் ஜெஃப்ரியும் போதையில் அதைப் பிரின்சஸ் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பந்தாக்கி உதைத்தார்கள். கோப்பை நசுங்கியது. ஜெஃப்ரிக்கு ஆறு மாதத் தடை. ரிச்சர்ட்ஸுக்கு ஒரே ஒரு ஆட்டம். தண்டனையிலும் நாட்டுக்கு நாடு வித்தியாசம். மூன்று கிலோ ரூபாய்க்குக் கிடைத்த மரியாதை அது.

கோப்பையை அனுப்பிய ஊரில் ஆட்டம் உண்மையாக வேர் பிடித்தது 2004க்குப் பிறகுதான் என்பேன். பிரிட்டிஷ் துணைத் தூதரகப் பணிக்காகக் கொல்கத்தா வந்த பால் வால்ஷ், மைதானத்தில் திரிந்த ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்து ஜங்கிள் குரோஸ் என்ற அணியை உருவாக்கினார். அங்கிருந்து ஆட்டம் சிலிகுரிப் பக்கம் சரஸ்வதிபூர் தேயிலைத் தோட்டத்துக்குப் போனது. கொழுந்து பறிப்பவர்களின் மகள்கள் பந்தைக் கையில் எடுத்தார்கள். அவர்களில் சந்தியா ராய் இந்தியாவுக்கே ஆடினார். ஒடிசாவில் பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்துச் சிறுவர்கள், 2007இல் லண்டனில் நடந்த 14 வயதுக்குட்பட்டோர் போட்டியில் கோப்பையே வென்று வந்தார்கள். 2019 ஜூனில் மணிலாவில் இந்தியப் பெண்கள் 21–19 என்று சிங்கப்பூரை வென்றார்கள். 15 பேர் ஆட்டத்தில் நம் பெண்களுக்கு அதுவே முதல் சர்வதேச வெற்றி. ஆட்டம் முடியும் தறுவாயில் பெனால்டியை உதைத்து வெற்றியைத் தந்த சுமித்ரா நாயக், ஒடிசாவின் அதே நிறுவனத்தில் வளர்ந்தவர்.

ஹைதராபாத் எங்கே நிற்கிறது? 2025 ஜூனில் பக்கத்துக்கு எழுவர் ஆடும் ரக்பி பிரீமியர் லீக் முதன்முறையாக நடந்தது. ஆறு அணிகளில் ஹைதராபாத் ஹீரோஸும் ஒன்று. பட்டம் வென்றது சென்னை புல்ஸ் என்பதில் இங்குள்ள தமிழர்களுக்குக் கொஞ்சம் பெருமை. ஆனால் எல்லா ஆட்டமும் மும்பையில். ஊரின் பெயர் சட்டையில் இருந்தது. ஊர்ப்பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். பெயரைக் கோப்பைக்குக் கொடுத்துவிட்டு ஆட்டத்தைக் கோட்டைவிட்ட கல்கத்தாவின் நிலை இந்த ஊருக்கும் வரக்கூடாது.

வராமலிருக்க இங்கே வழி இருக்கிறது. 2014 மே மாதம் எவரெஸ்டில் ஏறிய மாலாவத் பூர்ணா அப்போது 13 வயதுச் சிறுமி, சமூகநலக் குருகுலப் பள்ளி மாணவி. அப்படிப்பட்ட அரசு விடுதிப் பள்ளிகள் தெலங்கானா முழுக்க இருக்கின்றன. விடியற்காலையில் ஓடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கபடி தெரிந்த கைகள் இருக்கின்றன. அணி நடத்துபவர்கள் அந்தப் பள்ளிகளுக்கு முட்டைப் பந்தையும் ஒரு பயிற்சியாளரையும் அனுப்பட்டும். பக்கத்துக்கு ஏழு பேரா, 13 பேரா, 15 பேரா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். அந்தப் பிள்ளைகளில் நாலு பேர் ஹீரோஸ் சட்டையில் கச்சிபௌலி மைதானத்தில் இறங்கும் நாளில், வீட்டோடு டிக்கெட் வாங்கிக்கொண்டு நான் போவேன், அன்றைக்குச் சென்னையோடு ஆட்டம் என்றாலும் சரி.