வில்லையும் பார்வையும்

நல்ல வில்லையே நல்ல படத்தைத் தரும் என்போர், யூலியா மார்கரட் கமரன் அம்மையாரின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். 1863இல், தமது 48ஆம் வயதில், மகளும் மருமகனும் அளித்த கமராவுடன் அவர் இங்கிலாந்திலே படப்பிடிப்பைத் தொடங்கினார். படங்களிற் கூர்மை இல்லையென அக்காலப் புகைப்படச் சஞ்சிகைகள் கண்டித்தன. 1866இல் பெரிய கமராவும் புதிய வில்லையும் வந்தன. அப்போதும் அம்மென்மையை அவர் கைவிடவில்லை. ஆகவே அது வில்லையின் குறை மட்டுமன்று, கலைஞரின் தெரிவு. 1867இல் அவர் எடுத்த விஞ்ஞானி ஹேர்ஷலின் படத்தில், இருளினின்றும் எழும் அம்முகத்தில் ஒரு வாழ்நாட் சிந்தனையே தெரிகின்றது.

1875இல் அவர் இலங்கைக்கு வந்தார். அவருடைய குடும்பத்தினருக்கு இங்கு கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் இங்கேயே மறைந்தார். இடைக்காலத்திலே தொழிலாளரையும் கிராமத்தவரையும் படம் பிடித்தார். அவற்றிலும் அவருடைய கைத்திறன் விளங்குகின்றது. ஆயினும் ஹேர்ஷலின் படத்திற்கு அவர் பெயரே தலைப்பு. 1878இல் எடுத்த படமொன்றுக்கோ 'களுத்துறைக் குடியானவர் குழு' என்பதே தலைப்பு. அவர்களுடைய பெயர்களை எவரும் எழுதிவைக்கவில்லை. அதனை எந்த வில்லையும் ஈடுசெய்யாது, திறமையும் ஈடுசெய்யாது.

கமரா ஏந்தும் மாணவர், வில்லையின் விலையை விசாரிக்குமுன் எதிரே நிற்பவரின் பெயரைக் கேட்பாராக.