இடுப்பு மூட்டு மாற்று அறுவையும் முதியோர் உடலியக்கமும்

இடுப்பு மூட்டு மாற்று என்பது தேய்ந்த இடுப்பு மூட்டின் பந்தையும் கிண்ணத்தையும் செயற்கை உறுப்புகளால் மாற்றும் அறுவை சிகிச்சை. இதன் நவீன வடிவத்தை 1962இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி உருவாக்கினார்.

மூட்டு வலியால் முதியோர் நடப்பதைக் குறைத்து, நெடுநேரம் உட்கார்ந்தே இருக்கப் பழகுகின்றனர்; இதனால் தசைகள் மெலிகின்றன. அறுவைக்குப் பின் வலி தணிந்தாலும் அப்பழக்கம் தானாக மறைவதில்லை.

அறுவை நடந்த அன்றோ மறுநாளோ எழுந்து நடப்பது கால் சிரைகளில் இரத்தம் உறையும் ஆபத்தைக் குறைக்கும். மூட்டு நழுவாதிருக்க, தாழ்ந்த இருக்கை, கால்மேல் கால் போடுதல், இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்குதல் ஆகியவற்றைத் தொடக்க வாரங்களில் தவிர்க்குமாறு பலருக்கு அறிவுறுத்தப்படுகிறது.

நெடுநேரம் உட்காரும் பழக்கத்தை மாற்றப் பொதுவான வழிகாட்டுதலும் உண்டு: முதியோர் இயன்றவரை வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலியக்கம் மேற்கொள்ளவும், உட்காரும் நேரத்தைக் குறைக்கவும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது.