புத்தளம்: விருந்தினரும் அகதிகளும்

கருத்தரங்கு ஒன்றிற்காகப் புத்தளம் சென்றிருந்தேன். மதிய இடைவேளையில் களப்புக் கரையில் நின்றபோது இப்னு பதூதா நினைவுக்கு வந்தார். 1344இல் மாலைதீவிலிருந்து மஃபர் நோக்கிப் புறப்பட்ட அவரது கப்பலைக் காற்று இலங்கைக்குத் தள்ளியது. அவர் குறிப்பிடும் ‘பத்தாலா’ புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. ஆரியச்சக்கரவர்த்தி அவரை மூன்று நாள் உபசரித்தான். பாரசீகம் அறிந்த யாழ்ப்பாணத்து மன்னன்! முத்துகள் வழங்கி, பாவா ஆதம் மலைக்குச் செல்லப் பல்லக்கும் வழித்துணையும் தந்தான்.

மாலையில் தில்லையடிக்குப் போனேன். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வெளியேற்றிய வடபுல முஸ்லிம்கள் தஞ்சம் புகுந்த இடங்களுள் ஒன்று அது. யாழ்ப்பாணத்தில், 30ஆம் தேதி, இரண்டே மணி நேர அவகாசம். வடக்கு முழுவதிலும் ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டனர். புத்தளத்தார் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோப்புகளையும் அவர்களுக்குத் திறந்துவிட்டனர். அது அரசியல் தவறு என்று 2002இல் கிளிநொச்சிச் செய்தியாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டார். தமிழ்ச் செய்தியாளர்களாகிய நாமும் அன்று உரக்கப் பேசவில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவரிடம் ஊர் எதுவென்று கேட்டேன்.

“யாழ்ப்பாணம், சோனகதெரு” என்றார். அவர் தில்லையடிக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது.