டர்போ ஆக்சுவேட்டர் இறுகிப்போவதும் சரிசெய்வதும் – ஒரு வரலாறு

டர்போசார்ஜர் பொருத்திய டீசல் எஞ்சினில், உள்ளே தள்ளப்படும் காற்றின் அழுத்தம் எவ்வளவு ஏறலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் சிறு கருவி ஆக்சுவேட்டர் ஆகும். இது இறுகிக்கொண்டால் வண்டி ஏற்றத்தில் இழுக்காது, கரும்புகை தள்ளும். வேறு விதமாக இறுகினால் அழுத்தம் அளவு மீறி எஞ்சினையே கெடுத்துவிடும். இந்தப் பழுதுக்காக டர்போ முழுவதையும் கழற்றிப் போட்டுப் புதிது வாங்குவோர் உண்டு. தவணை கட்டி ஒற்றை லாரி ஓட்டுபவருக்கு அது பெருஞ்செலவு; பல நேரங்களில் தேவையற்ற செலவும்கூட. எங்கே இறுகியிருக்கிறது என்பது கருவி எந்தக் காலத்து அமைப்பு என்பதைப் பொறுத்தது. ஆகவே அதன் வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்பதே நல்லது.

லாரி கூண்டு கட்டும் தொழிலுக்கும் எரிவாயு டேங்கர் லாரிகளுக்கும் பெயர்பெற்ற நாமக்கல், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பெயர்பெற்ற திருச்செங்கோடு, கரும்பும் வெல்லமும் விளையும் ஜேடர்பாளையம் ஆகிய மூன்றும் ஒரே வட்டாரத்தில் உள்ளன. டீசல் எஞ்சின் இல்லாமல் இங்கே ஒரு நாள் வேலையும் நடக்காது.

கலிங்கும் மதகும்

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகமானால் கூடுதல் டீசலை எரிக்கலாம், இழுவை கூடும். ஆனால் புகை மிகுந்தால் சுழற்சியும் மிகும், அழுத்தமும் மிகும். இதை அடக்க இரண்டு வழிகள் உண்டு.

ஏரிப் பாசனம் அறிந்தவர்களுக்கு இவற்றை விளக்குவது எளிது. ஏரி நிரம்பினால் மிகைநீர் கலிங்கு வழியாக வெளியேறும். அதுபோல, அழுத்தம் ஓர் அளவைத் தொட்டதும் ஒரு மூடி திறந்து, மிகுதிப் புகையைச் சக்கரத்தின் பக்கம் விடாமல் வெளியே அனுப்புவது முதல் வழி. இந்த மூடியை வேஸ்ட்கேட் என்பர். இரண்டாவது வழி, ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து ராஜவாய்க்கால் பிரியும் இடத்தில் ஷட்டரை ஏற்றி இறக்குவது போன்றது. சக்கரத்தைச் சுற்றி வளையமாக நிற்கும் சிறு தகடுகள் ஒன்றாகத் திரும்பி, புகை நுழையும் இடைவெளியைக் குறுக்கவோ அகலமாக்கவோ செய்யும். கலிங்கின் மூடியானாலும் மதகின் தகடுகளானாலும், அவற்றை அசைக்கும் கை ஆக்சுவேட்டர்தான்.

கப்பலிலிருந்து லாரிக்கு

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் டர்போசார்ஜர் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அது நடைமுறையில் வெற்றி பெற இருபது ஆண்டுகள் ஆயின. 1920களின் நடுவில் ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் பொருத்தப்பட்டபோது, 1,750 குதிரைத்திறன் 2,500 ஆக உயர்ந்தது.

நம் நாட்டில் சாலைக்கு முன்பே தண்டவாளத்தில் டர்போ பரவியது. 1964இல் வாரணாசித் தொழிற்சாலையிலிருந்து வெளிவரத் தொடங்கிய டபிள்யூடிஎம்-2 ரயில் எஞ்சின்கள் 16 சிலிண்டரும் 2,600 குதிரைத்திறனும் கொண்ட டர்போ எஞ்சின்கள். ஈரோடு டீசல் பணிமனையைச் சேர்ந்த இத்தகைய எஞ்சின்கள் இவ்வட்டார மக்களுக்குப் பழக்கமானவை. வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது அவை வானுயரக் கக்கிய கரும்புகை பலருக்கு நினைவிருக்கும். டர்போ வேகம் பிடிக்கும்வரை காற்றுப் போதாமல் டீசல் அரைகுறையாக எரிந்ததே அதற்குக் காரணம்.

லாரிகளுக்கு வருவோம். சென்னையில் டர்போ எனர்ஜி நிறுவனம் 1982இல் தொடங்கப்பட்டது. டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் 1993இல் ஏற்பட்டது. டர்போ எஞ்சின் மெல்ல மெல்ல லாரிகளில் வழக்கமானது. பின்னர் மாசு விதிகள் வேகத்தைக் கூட்டின. 2017 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பிஎஸ்-4, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 கட்டாயமாயின. தகடுகள் திரும்பும் டர்போ 1991இல் ஃபியட் குரோமா என்ற டீசல் காரில் வந்தது. இன்று இந்தியக் கார்கள், சிறு சரக்கு வண்டிகள் பலவற்றில் இருக்கிறது. கனரக லாரிகள் பலவற்றில் இன்னும் கலிங்கு முறைதான்.

எங்கே இறுகுகிறது?

முதல் தலைமுறை ஆக்சுவேட்டர் ஒரு தகர டப்பா. உள்ளே ரப்பர்த் திரையும் ஸ்பிரிங்கும் இருக்கும். டர்போவின் காற்றழுத்தமே திரையைத் தள்ளி, ராடை நகர்த்தி, மூடியைத் திறக்கும். எஞ்சின் ஆறிய பின் ராடை லீவரிலிருந்து கிளிப் நீக்கிக் கழற்றி, லீவரைத் தனியாகக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். எல்லாத் தேடலுக்கும் இதுவே முதற்படி. லீவர் தாராளமாக அசைந்தால் குற்றம் டப்பாவில். அசையாவிட்டால் மூடியின் அச்சு துருப்பிடித்திருக்கிறது. துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்துப் பொறுமையாக முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். சுத்தியல் கூடாது. ராடின் மரைகளை எண்ணிக் குறித்துக்கொண்ட பிறகே திருக வேண்டும், ஏனெனில் அந்த நீளமே அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. இழுவை கூட்டுவதாகச் சொல்லி ராடைக் குட்டையாக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஹெட் கேஸ்கட் போன பிறகுதான் அதன் விலை தெரியும்.

இரண்டாம் தலைமுறையில் காற்றழுத்தத்துக்குப் பதில் வெற்றிடம் வந்தது. எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் ராட் இழுபட வேண்டும். நிறுத்தினால் திரும்ப வேண்டும். இழுபடாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது வெப்பத்தில் வெடித்துப்போகும் ரப்பர்க் குழாய். இருப்பதிலேயே மலிவான பாகமும் அதுதான். குழாய் சரியாக இருந்து லீவர் கையாலும் அசையவில்லை என்றால், தகடுகளில் கரி படிந்திருக்கிறது. எஞ்சின் சும்மா ஓடும்போது புகையில் சூடு போதாது, கரி எரியாமல் ஒட்டிக்கொள்ளும். ஆலை வாசலில் கரும்பு லோடுடன் எஞ்சினை அணைக்காமல் மணிக்கணக்கில் காத்து நிற்கும் வண்டிக்கு இந்த ஆபத்து அதிகம். பாரம் ஏற்றி நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்குக் குறைவு.

கரியை நீக்க டர்போவைக் கழற்றி, கூட்டின் நிலையைக் குறித்துக்கொண்டு பிரித்து, கரைப்பானும் மென்மையான பிரஷும் கொண்டு தகடுகளைத் துடைக்க வேண்டும். உப்புத்தாள் ஆகாது. தகடுகளின் எல்லையைக் குறிக்கும் ஸ்டாப்பர் ஸ்குரூவைத் தொடவே கூடாது. அது தொழிற்சாலையில் அளந்து வைக்கப்பட்டது. எண்ணெய்க் கசிவு இருந்தால் அதைச் சரிசெய்யாமல் துடைப்பதில் பயனில்லை, மீண்டும் கரி கட்டும். திரும்பப் பூட்டியதும் டர்போவின் எண்ணெய்த் துளையில் எண்ணெய் விட்ட பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடக்கூடிய தண்டு அது.

மூன்றாம் தலைமுறையில்தான் பழைய கைப்பழக்கம் காலை வாருகிறது. இது சிறு மின்மோட்டாரும் பல்சக்கரங்களும் கொண்ட மின்னணு ஆக்சுவேட்டர். சாவி போட்டதும் ராடைக் கடைசிவரை நகர்த்தித் தன் எல்லைகளைத் தானே சரிபார்க்கும் வகைகளும் உண்டு. முந்தைய வண்டிகளில் செய்ததுபோல ராடைக் கையால் பிடித்துத் தள்ளினால் உள்ளே பல்சக்கரம் உடையக்கூடும். லீவரைப் பிரித்த பின் லீவரை மட்டுமே அசைக்கலாம். ஸ்கேனரில் பி 0299 என்ற குறி வந்தால் அழுத்தம் குறைவு என்றுதான் பொருள். ஆக்சுவேட்டர் கெட்டது என்று பொருளல்ல. தகடுகள் கரியில் சிக்கியிருக்கும்போது மோட்டார் அவற்றோடு போராடிக் கருகிவிடும். கரியை நீக்காமல் ஆக்சுவேட்டரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். மாற்றிய பின் ஸ்கேனர் கொண்டு எல்லைகளைப் பதியவைப்பதும் பல வண்டிகளில் தேவை.

வேலை முடிந்ததும் ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கப்படும். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் எஞ்சின் வேகம் தணிந்து மறுபடி ஏறுவதால், தகடுகளும் மாறி மாறிக் குறுகி விரிய வேண்டியிருக்கும். ஸ்கேனர் திரையில் எஞ்சின் கேட்கும் அழுத்தமும் டர்போ தரும் அழுத்தமும் இரண்டு எண்களாக ஓடும். அவை சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்பது முதல் சில வளைவுகளிலேயே தெரிந்துவிடும்.