காலியம் நைட்ரைடு படிக வளர்ச்சி வரலாறு

காலியம் நைட்ரைடு என்பது காலியமும் நைட்ரஜனும் சேர்ந்த குறைகடத்திச் சேர்மம் ஆகும். நீல, வெள்ளை ஒளி உமிழ் டையோடுகள் (எல்.இ.டி.) இதனால்தான் இயலுகின்றன. 1932-இல் ஜான்சன், பார்சன்ஸ், குரூ ஆகியோர் சூடான காலியத்தின் மீது அம்மோனியா வாயுவைச் செலுத்தி இதைத் தயாரித்தனர். 1938-இல் ஜெர்மனியின் யூசா, ஹான் ஆகியோர் இதன் படிக அமைப்பைக் கண்டறிந்தனர். ஒவ்வொரு காலியம் அணுவையும் நான்கு நைட்ரஜன் அணுக்கள் நான்முகி வடிவில் சூழ்ந்திருக்கின்றன.

அமைப்பு தெரிந்தும் பெரிய படிகம் கிடைக்கவில்லை. சிலிக்கானை உருக்கி, அந்த உருகலிலிருந்து படிகத்தை இழுத்து எடுக்கலாம். இங்கு அது நடவாது. காலியம்-நைட்ரஜன் பிணைப்பு வலுவானதுதான். ஆனால் நைட்ரஜன் மூலக்கூறின் முப்பிணைப்பு அதைவிட மிக வலிமையானது. அதை உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஆகவே சூடாக்கினால், உருகும் முன்பே நைட்ரஜன் அணுக்கள் தமக்குள் இணைந்து வாயுவாக வெளியேறிவிடுகின்றன. 2003-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைச் சிதையாமல் உருக்கியபோது, வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 60,000 மடங்கு அழுத்தம் தேவைப்பட்டது.

எனவே படலமாக வளர்ப்பதே வழியாயிற்று. 1969-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் மருஸ்காவும் டீட்ஜெனும் நீலக்கல் தட்டின் மீது ஒற்றைப் படிகப் படலத்தை வளர்த்தனர். நீலக்கல்லின் அணு இடைவெளி ஏறக்குறைய 16 விழுக்காடு பொருந்தாததால் படலத்தில் குறைகள் மலிந்தன. பலர் இத்துறையைக் கைவிட்டனர். கைவிடாதவர்களில் ஒருவர் ஜப்பானின் இசாமு அகசாகி. நகோயா பல்கலைக்கழகத்தில் அவரும் மாணவர் இரோசி அமானோவும், குறைந்த வெப்பநிலையில் மெல்லிய அலுமினியம் நைட்ரைடு அடுக்கை முதலில் இட்டு, அதன்மேல் படிகத்தை வளர்த்தனர். 1986-இல் வெளியான இம்முடிவு தெளிந்த, விரிசலற்ற படலத்தைத் தந்தது.

அடுத்த தடையும் பிணைப்பில்தான் இருந்தது. பி-வகைக் குறைகடத்தி பெற மக்னீசியத்தைச் சேர்த்தும் பயனில்லை. 1989-இல் அமானோவும் அகசாகியும் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி வெற்றி கண்டனர். ஆனால் காரணம் விளங்கவில்லை. அம்மோனியாவிலிருந்து வந்த ஹைட்ரஜன் மக்னீசியத்தின் பங்கைச் செயலிழக்கச் செய்வதை 1992-இல் நிச்சியா நிறுவனத்தின் சுஜி நகமுரா குழுவினர் காட்டினர். நைட்ரஜன் சூழலில் சூடாக்கினாலே போதும் என்றும் நிறுவினர். எளிய முறை என்பதால் தொழிற்சாலைக்கு ஏற்றதாயிற்று. 1993-இல் பிரகாசமான நீல டையோடு விற்பனைக்கு வந்தது. மூவரும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர்.

படலம் கிடைத்தும், தனிப் படிகத்திற்கான தேடல் நிற்கவில்லை. 1997-இல் யமானே, டிசால்வோ குழுவினர் உருகிய சோடியத்தில் காலியத்தைக் கலந்து, 600 முதல் 800 பாகை செல்சியசிலேயே சிறு படிகங்களை வளர்த்தனர். சோடியம் எலக்ட்ரானை அளித்து நைட்ரஜனின் முப்பிணைப்பைத் தளர்த்துவதாக இதற்கு விளக்கம் தரப்படுகிறது.