தப்பு: செல்போன் இசை விளையாட்டுகளுக்கு ஒரு முன்வரலாறு

ஓர் இசைச் செயலியை எப்படி மதிப்பிடுவது? வழக்கமாக நடப்பது இதுதான். இலவசமா காசா, விளம்பரம் எத்தனை தடவை குறுக்கே வருகிறது, சார்ஜ் எவ்வளவு சாப்பிடுகிறது, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் போடலாம். இந்தக் கேள்விகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காசு கொடுக்கிறவனுக்குக் கணக்கு வேண்டும்தானே. ஆனால் நாம் அதற்கு நட்சத்திரம் போடும் முன்பே அது நமக்குப் போட்டு முடித்துவிடுகிறது. தட்டி ஆடும் விளையாட்டு என்றால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தீர்ப்பு: அருமை, பரவாயில்லை, தவறு. பாடும் செயலி என்றால் நம் குரலைக் கோடாக வரைந்து, ஏற்கெனவே போட்டுவைத்த கோட்டிலிருந்து எவ்வளவு விலகினோம் என்று மதிப்பெண். சுருதி காட்டும் செயலி என்றால் முள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்து சிவப்பாகிறது. ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. இந்தக் கருவி எதைத் தப்பு என்கிறது? அந்தத் தப்பை வரையறுத்தவர்கள் யார், எப்போது?

தமிழில் ‘தப்பு’ என்று எழுதும்போது கொஞ்சம் நிதானிக்கணும். பிழைக்கும் அதே பெயர், பறைக்கும் அதே பெயர். துணி தப்புதல் என்கிறோமே, அடித்தல் என்கிற அந்தப் பொருளிலிருந்து வாத்தியத்தின் பெயர் வந்தது என்று அகராதிக்காரர் சமாதானம் சொல்லலாம். சாதி கேட்கும் காதில் இரண்டும் ஒன்றாகவே விழுந்துவந்திருக்கின்றன. சாவு வீட்டுக் கட்டாய ஊழியத்தோடு கட்டிப்போடப்பட்டிருந்த அந்தக் கருவியை 1990களில் தலித் கலைக்குழுக்கள் மேடையேற்றியபோது, ‘இது இசையா, சத்தமா’ என்று கேட்டவர்கள் கையில் இருந்ததும் ஓர் அளவுகோல்தான். பறை அடிக்கிறவர் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சுவார். ஈரக் காற்றில் தோல் தளர்ந்தால் திரும்பவும் காய்ச்சுவார். ‘போதும்’ என்று முடிவு செய்வது அவர் காது. எந்த ஊரில் எந்த அதிர்வெண்ணில் அது நிற்க வேண்டும் என்று யாரும் மாநாடு கூட்டித் தீர்மானம் போட்டதில்லை.

ஐரோப்பாவில் மாநாடு கூட்டினார்கள், சட்டமும் போட்டார்கள். 1859இல் பிரெஞ்சு அரசு, ‘ஏ’ என்னும் சுரம் விநாடிக்கு 435 அதிர்வு என்று விதித்தது. 1939இல் லண்டனில் கூடியவர்கள் அதை 440 ஆக்கினார்கள். பின்னால் 1955லும் 1975லும் உலகத் தர அமைப்பு அதையே உறுதிசெய்தது. இன்றைக்கு நம் செல்போனில் இறக்கும் சுருதிச் செயலி, யாரையும் கேட்காமல், இந்த 440இல்தான் கண் விழிக்கிறது. தாளத்தின் கதை இதைவிடக் கேவலம். ஆம்ஸ்டர்டாமில் 1814இல் வின்கெல் என்பவர் ஊசலை வைத்துக் காலம் காட்டும் கருவியைச் செய்தார். மேல்செல் அதைப் பார்த்தார், ஓர் அளவுப் பட்டையைச் சேர்த்தார், 1815இல் தன் பெயரில் காப்புரிமை வாங்கிக்கொண்டார். பேரும் காசும் அவருக்கு. அடுத்தவன் செயலியை நகலெடுத்து விற்கிற இன்றைய கடைத்தெரு புதிசு ஒன்றுமில்லை! படைவீரனின் காலடியும் கையசைவும் பதினெட்டாம் நூற்றாண்டில் எப்படிக் காலத்தால் கூறுபோடப்பட்டன என்று ஃபூக்கோ 1975இல் எழுதிய நூலில் விரிவாகக் காட்டுகிறார். மெட்ரோனோம் அந்த ஒழுங்குபடுத்தலின் இசைக்கூடக் கிளை என்று வாசித்தால் தவறில்லை.

அலெக்ஸாண்டர் எல்லிஸின் கதையில் ஒரு முரண் இருக்கிறது. பல தேசங்களின் சுர வரிசைகளைப் பற்றி 1885இல் அவர் எழுதிய கட்டுரையின் முடிவு, அன்றைய ஐரோப்பாவுக்கு அதிர்ச்சி. இயற்கையே விதித்த ஒற்றைச் சுர வரிசை என்று எதுவும் கிடையாது, மனிதர்கள் உண்டாக்கிய வரிசைகள் பலப்பல என்றார் அவர். இந்தப் பன்மையை எழுதிக் காட்ட அவருக்கு ஓர் அலகு தேவைப்பட்டது. பியானோவின் ஒரு அரைச்சுரத்தை நூறாகப் பிரித்து ‘சென்ட்’ என்று வைத்தார். ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட். எல்லிஸுக்கு இசைக்காது இல்லை. கேட்டுச் சொன்னவர் பியானோ நிபுணர் ஹிப்கின்ஸ். ஒற்றை அளவு கிடையாது என்று நிரூபிக்கப் பிறந்த அலகு, இன்று சுருதிச் செயலியின் முள்ளில் உட்கார்ந்துகொண்டு, ‘நீ பதினாலு சென்ட் குறைவு’ என்று குற்றப்பத்திரிகை வாசிக்கிறது. அந்த முள்ளுக்கு முன்னால் ஒரு வித்வானை உட்காரவைத்துத் தோடி பாடச் சொல்லுங்கள். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற சுரமில்லை, அசைந்தால்தான் அது காந்தாரம். முள் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடும். செயலியின் கணக்கில் வித்வான் சதா தப்பு.

இந்த இடத்தில் நம்மில் பலர் சௌகரியமாக ஒரு முடிவுக்கு வந்துவிடுவோம்: மேற்கின் பன்னிரண்டு சமக் கட்டங்கள் நம் இசையை நசுக்குகின்றன, தீர்ந்தது விஷயம். அப்படித் தீராது. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் குறுக்கே நிற்கிறார். இருபத்திரண்டு சுருதி என்ற வடமொழி நூல் வழக்கை மறுத்து, 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் வாதாடி, 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார் அவர். ஸ்தாயியைச் சமமான பன்னிரண்டு சுரங்களாகவும் இருபத்துநாலு சுருதிகளாகவும் பிரித்ததே பழந்தமிழர் இசை என்பது அவர் நிலைப்பாடு. சென்ட் கணக்கில் சொன்னால் சுருதிக்கு ஐம்பது. அதாவது பியானோவின் பன்னிரண்டும் பண்டிதரின் பன்னிரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அவர் கண்டுபிடிப்பு சரியா என்பது வேறு விவாதம். பார்ப்பனிய நூல் அதிகாரத்துக்கு எதிராக ஒரு தமிழ்க் கிறித்தவர் எடுத்த ஆயுதம், மேற்கின் ஆயுதம் என்று நாம் இன்று பழிக்கும் அதே சமக் கட்டம். கட்டம் ஒன்றுதான். அதை யார் யாருக்கு எதிராகப் பிடிக்கிறார்கள் என்பதில்தான் அரசியல்.

ஆர்மோனியத்துக்கு நடந்ததைப் பார்த்தால் மறுபக்கமும் தெரியும். கமகம் பேசாத கட்டை வாத்தியம், சுருதி சுத்தமில்லாதது என்று சொல்லி 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி அதை வெளியே தள்ளியது. 1971இல்தான் நிபந்தனைகளோடு கதவு கொஞ்சம் திறந்தது. காரணம் இசை நுணுக்கம், சரி. ஆனால் அந்த நுணுக்கத்தால் வாசலுக்கு வெளியே நின்றது யார்? சங்கரதாஸ் சுவாமிகள் மரபின் ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியக்காரர் இல்லாமல் திரை தூக்க முடியாது. கிட்டப்பா மேடையில் காதர் பாட்சாவின் ஆர்மோனியத்துக்கென்றே கூட்டம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதைத் தள்ளிவைத்த வித்வான்களும் தங்கள் சுருதியை ‘ஒன்றரைக் கட்டை’, ‘ஐந்து கட்டை’ என்றுதான் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். கட்டை என்பது ஆர்மோனியத்தின் கட்டை! மைக்குக்கு முன்னால் வரக்கூடாது, அளவுகோலாக மட்டும் இருந்துகொள்ளலாம். இதே நாக்குதான் இன்று ‘ஆப் வச்சு என்னத்தப் பாட்டுக் கத்துக்கிறது’ என்கிறது. குருகுல வாசலே மறுக்கப்பட்டவர்களுக்கு ஒரு சுருதிப்பெட்டிச் செயலி என்னவாக இருக்கிறது என்று அந்த நாக்குக்குத் தெரியாது. தம்பூராவும் வாங்க வேண்டாம், ஜீவா நூலை நகர்த்தி நகர்த்தித் தேடவும் வேண்டாம், யாரையும் பின்னால் உட்காரவைக்கவும் வேண்டாம். சீடப் பிள்ளைகளும் சீடப் பெண்களும் பெயர் கூட அறிவிக்கப்படாமல் மணிக்கணக்கில் மீட்டிய தம்பூரா அது. அந்த உழைப்பு பெட்டிக்குள் போனதற்காக நான் கண்ணீர் விடத் தயாரில்லை.

விளையாட்டுகளுக்கு வருவோம். அதற்கு முன் கணினி இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேச 1983இல் வகுத்த ‘மிடி’ என்ற மொழியைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்க, ஜப்பானியக் கருவி நிறுவனங்கள் கூடிச் செய்தது. அதில் சுரம் என்பது 0 முதல் 127 வரை ஒரு எண். 440 அதிர்வின் எண் 69. சுரத்தை வளைக்க வழி உண்டு, ஆனால் வளைத்தால் அந்தத் தடத்தில் ஒலிக்கிற எல்லாமே சேர்ந்து வளையும். 2020இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் ஒவ்வொரு சுரமும் தனியாக வளைய விதியிலேயே இடம் கிடைத்தது. விசைப்பலகைக்காரர்கள் எழுதிய இலக்கணம். இன்றைய செல்போன் பியானோ செயலிகள் பலவற்றின் அடித்தளமும் இதுதான்.

தாள விளையாட்டு ஜப்பானில் பிறந்தது. 1996இல் மட்சுரா மசாயா உருவாக்கிய ‘பராப்பா தி ராப்பர்’, 1997இல் கொனாமியின் ‘பீட்மேனியா’, 1998இல் காலால் மிதித்து ஆடும் ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’. 2005இல் அமெரிக்காவில் ‘கிட்டார் ஹீரோ’. 2008 ஜூலையில் ஆப்பிளின் செயலிக் கடை திறந்தபோதே ‘டேப் டேப் ரிவெஞ்ச்’ வந்துவிட்டது. இந்த வரிசையில் ஒரு சங்கதியைக் கவனிக்கணும். முதலாவதான ‘பராப்பா’வில் சொன்னபடி தட்டினால் ‘நல்லது’ வரைக்கும்தான் போகலாம். அதற்கு மேல் உள்ள நிலையை எட்ட வேண்டுமானால் சொன்னதை விட்டுத் தாளத்துக்குள்ளேயே சொந்தமாக விளையாட வேண்டும். மீறல்தான் அங்கே உச்ச மதிப்பெண். பின்னால் வந்தவை இந்த வாசலை அடைத்துவிட்டன. மேலிருந்து விழுகிற புள்ளி, கீழே ஒரு கோடு, கோட்டைத் தொடும் கணத்தில் விரல். பத்துப் பத்து மில்லி விநாடிகளில் வெட்டிய சன்னல்களுக்குள் விழுந்தால் பரிசு. மிருதங்கக்காரர் வேண்டுமென்றே ஒரு மயிரிழை தள்ளி வைக்கிற அடி, தவில்காரர் இழுத்துப் பிடித்து விடுகிற அடி, இதெல்லாம் சன்னலுக்கு வெளியே.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி மதிப்புரைகள் பேசுவது குறைவு. விரல் கண்ணாடியைத் தொடும் கணத்துக்கும் ஒலி காதுக்கு வரும் கணத்துக்கும் நடுவில் ஒரு தாமதம் உண்டு. ஆரம்பகால ஆண்டிராய்டு போன்களில் அது நூறு மில்லி விநாடியைத் தாண்டியது. 2012இல் வந்த 4.1 பதிப்பிலிருந்து கூகுள் அதைச் சரிசெய்யத் தொடங்கியது, 2017இல் 8.0இல் புதிய ஒலிப்பாதையே போட்டது. ஐபோனில் அது முதலிலிருந்தே மிகக் குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிஷத்துக்கு 120 தட்டு என்றால் தட்டுக்கு 500 மில்லி விநாடி. சதுஸ்ர நடையில் நாலாகப் பிரித்தால் ஓர் அட்சரத்துக்கு 125. போன் 125 மில்லி விநாடி தாமதித்தால் நீங்கள் வைத்த ‘தகதிமி’ ஓர் அட்சரம் தள்ளியே ஒலிக்கும். திரையில் ‘தவறு’ என்று வரும். ‘உன் போன் மெதுவானது’ என்று வராது. விலை உயர்ந்த போன்காரனின் விரல் துல்லியமான விரல், மலிவுப் போன்காரனின் விரல் தாளம் தெரியாத விரல். வயரில்லாத ப்ளூடூத் இயர்போன் மாட்டினால் இரண்டு பேருக்குமே தாமதம் நூறையும் தாண்டிப் போகும். விளையாட்டுக்குள் ‘ஒலித் திருத்தம்’ என்று ஒரு பக்கம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லாத விளையாட்டு உங்களுக்கு மதிப்பெண் போட அருகதையற்றது. இருந்தாலும் வயர் உள்ள இயர்போனில் ஒரு தடவை, இல்லாததில் ஒரு தடவை அதே பாட்டை ஆடிப் பாருங்கள். திறமை என்று நமக்குச் சொல்லப்பட்டதில் எவ்வளவு கருவியின் விலை என்று கையோடு தெரிந்துவிடும்.

மதிப்பெண்ணே போடாத ஒரு செயலியும் வரலாற்றில் இருக்கிறது. ஜி வாங் என்ற கணினி இசைக்காரரின் ஸ்மூல் நிறுவனம் 2008 நவம்பரில் வெளியிட்ட ‘ஒக்காரினா’. போனின் மைக்கில் ஊதணும், திரையில் இருக்கும் நாலு வட்டங்களை விரலால் மூடித் திறக்கணும், போனைச் சாய்த்தால் அசைவு. சுர வரிசையை நாமே மாற்றிக்கொள்ளலாம். உலக உருண்டையைத் திறந்தால் எங்கோ ஒருவர் ஊதுவது கேட்கும். தப்பு என்று எதுவும் சொல்லாது. நாகசுரத்தில் சீவாளியும் உதடும் மூச்சும் சேர்ந்து ஒரு துளைக்குள்ளேயே சுரத்தை ஏற்றி இறக்குகிற வித்தை இதில் வராது, வர வேண்டும் என்று கேட்பதும் நியாயமில்லை. ஆனால் ஊதுகிற உடலுக்கு அது இடம் கொடுத்தது. அதே நிறுவனம் அடுத்த ஆண்டே, பாடும் குரலைத் தானாகக் கட்டத்துக்குள் இழுத்துப் போடும் ‘ஐ ஆம் டி-பெய்ன்’ செயலியைக் கொண்டுவந்தது. அந்த ‘ஆட்டோடியூன்’ நுட்பத்தை 1997இல் கொண்டுவந்த ஹில்டப்ராண்ட் அதற்கு முன் எண்ணெய் தேடும் நிலநடுக்க அலைக் கணக்கில் வேலை பார்த்தவர். பிறகு வந்த ஸ்மூலின் பாடும் செயலியில் நம்மாட்கள் தோகா, துபாய், கோயம்புத்தூர் என்று எங்கெங்கோ இருந்துகொண்டு ஜோடிப் பாட்டுப் பாடுகிறார்கள். சேர்ந்து பாடுவது போலத் தெரியும் அந்தப் பாட்டில் ஒருவர் தன் பாதியை முதலில் பாடிவைக்கிறார், இன்னொருவர் அப்புறம் வந்து சேர்கிறார். தாமதத்தை ஒழிக்க முடியாதபோது அதை மறைக்கக் கண்டுபிடித்த வடிவம் இது. அதனால் மோசம் என்று சொல்ல மாட்டேன். எட்டு மணி நேர வேலைக்குப் பிறகு தொழிலாளர் விடுதிக் கட்டிலில் இருந்து பாடுகிறவனுக்குப் பாதிப் பாட்டு பெரிசு. ஆனால் அவன் குரல் யார் கிடங்கில் சேர்கிறது, செயலியை நீக்கினால் பாட்டும் நீங்குமா என்று விதிமுறையில் தேடிப் படிக்கணும்.

கிடங்கு அவர்களுடையது என்பதற்கு ஒரு உதாரணம் நடந்தே முடிந்துவிட்டது. 2015இல் ‘கிட்டார் ஹீரோ லைவ்’ வந்தது, ஐபோனிலும் வந்தது. வட்டில் 42 பாட்டு, இணையம் வழியாக 480க்கும் மேல். ஐபோன் வடிவத்தின் இணையப் பகுதியை 2018 நடுவிலும், மற்றக் கருவிகளில் அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதியும் நிறுத்திவிட்டார்கள். பத்தில் ஒன்பது பங்குப் பாட்டு ஒரே நாளில் போனது. வாங்கியவர்கள் வீட்டில் வட்டின் 42 பாட்டும், ஆறு பொத்தான் வைத்த பிளாஸ்டிக் கிட்டாரும் கிடந்தன.