பெட்டி போதாத ஊரில் பிறந்த கங்காரு முறை

குறைமாதத்தில் பிரசவமான வீட்டிலிருந்து வரும் முதல் தகவல், “குழந்தையைப் பெட்டியில வச்சிருக்காங்க” என்பதுதான். அந்தக் கண்ணாடிப் பெட்டி, அதாவது இன்குபேட்டர், ஒரே ஒரு குழந்தைக்காகச் செய்யப்பட்டது. 1970களில் கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் இருந்த ‘இன்ஸ்டிட்யூட்டோ மத்தேர்னோ இன்ஃபான்டில்’ என்ற தாய்சேய் மருத்துவமனையில் ஒரு பெட்டிக்குள் இரண்டு, மூன்று குழந்தைகளைப் படுக்க வைத்திருந்தார்கள்.

நகரத்து ஏழைகள் பிரசவத்துக்கு வந்து சேரும் இடம் அது. குழந்தைகளின் எண்ணிக்கைக்குப் பெட்டியும் போதவில்லை, கவனிக்க ஆளும் போதவில்லை. ஒரு குழந்தைக்குத் தொற்று வந்தால் அதே பெட்டியில் கிடக்கும் அடுத்த குழந்தையையும் அது விடாது. உயிர் பிழைத்த குழந்தைகளுக்கு வேறொரு ஆபத்து காத்திருந்தது. பெற்றவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் குழந்தையை மட்டும் வாரக்கணக்கில் உள்ளே வைத்திருப்பார்கள். அவளுக்குப் பால் வற்றிப்போகும். சில தாய்மார் திரும்பி வரவே இல்லை. அவர்களைக் கல்நெஞ்சக்காரிகள் என்று யாரும் சொல்லக் கூடாது. தூக்கிப் பார்க்கவே விடாத குழந்தையை எப்படி மனசில் தாங்குவது?

அங்கே பணியாற்றிய குழந்தை மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா, கங்காருவின் உடலியல் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தார். கங்காருக் குட்டி பிறக்கும்போது ஏறத்தாழ ஒரு கிராம்தான் இருக்கும். கண் திறக்காது, ரோமம் இருக்காது. தானாக ஊர்ந்து தாயின் பைக்குள் போய், காம்பைப் பற்றிக்கொண்டு, மாதக்கணக்கில் அங்கேயே வளர்ந்து முடிக்கும். குறைமாதப் பிறப்புதான் அதற்கு இயல்பு. சூடு, பால், பாதுகாப்பு மூன்றும் தாயின் உடம்பிலேயே கிடைத்துவிடுகின்றன.

1978இல் ரே அதை மனிதக் குழந்தையிடம் செய்து பார்த்தார். அடுத்த ஆண்டு மருத்துவர் எக்டர் மார்டினெஸ் அவரோடு சேர்ந்துகொண்டார். செய்முறையில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. தொப்பி, காலுறை, டயபர் தவிர வேறு துணியில்லாமல் குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்தி வைக்க வேண்டும். தலை ஒரு பக்கம் திரும்பியிருக்க வேண்டும், மூச்சுக்குழல் மடங்கக் கூடாது. கைகால்கள் மடங்கித் தவளைபோல் விரிந்திருக்கும். மேலே துணியால் இறுக்கிக் கட்டிவிட்டால் தாய் எழுந்து நடமாடலாம்; சாய்ந்தபடி தூங்கவும் செய்யலாம். தகப்பன் மார்பும் ஆகும். ஆகாரம் தாய்ப்பால். தேறிய குழந்தையை எடை கூடும்வரை மருத்துவமனையில் வைத்திராமல் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பி, தவறாமல் வரவழைத்துப் பார்ப்பார்கள். எடை குறைந்த குழந்தைக்குத் தோல் மெல்லியது, அடியில் கொழுப்பு கிடையாது. வைத்த இடத்தில் உடம்பு சில்லிட்டுப் போகும். தாயின் தோலோடு ஒட்டிக்கிடக்கும்போது அந்தச் சூடு குழந்தைக்கு ஏறுகிறது.

1983இல் இதை வெளியுலகுக்கு அறிவித்தார்கள். யூனிசெஃப் ஊர் ஊராகக் கொண்டுபோனது. மேலை நாட்டு மருத்துவர்கள் நம்பவில்லை. 1985இல் ‘லான்செட்’ இதழில் இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்: முதல் சில நாட்களைத் தாண்டிப் பிழைத்த குழந்தைகளை மட்டும் எண்ணிக்கொண்டு, இறப்பு குறைந்தது என்று எப்படிச் சொல்வது? ஆனால் அந்தச் சந்தேகத்தோடு ஒரு முத்திரையும் ஒட்டிக்கொண்டது. பெட்டி வாங்கக் காசில்லாத நாடுகளின் மாற்று ஏற்பாடு இது என்ற எண்ணம் அவ்வளவு லேசில் போகவில்லை. கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

கேள்விக்குப் பதில் தேடியவர் பொகோட்டாவிலேயே பணிபுரிந்த பிரெஞ்சு மருத்துவர் நத்தாலி ஷார்பாக். 1990களில் 2 கிலோவுக்கு உட்பட்ட 746 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட்டார். கங்காரு முறையில் ஆபத்து ஏதும் கூடவில்லை. மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறைந்தன. அந்தக் குழந்தைகளில் பலரை 20 வயதில் மறுபடியும் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். கங்காரு பிரிவில் வளர்ந்தவர்களிடம் பள்ளிக்குப் போகாமல் நிற்பதும் முரட்டுத்தனமும் குறைவாக இருந்தன.

ஒரு நிபந்தனை மட்டும் அப்போதும் மாறவில்லை: முதலில் பெட்டி, உடல்நிலை சீரான பிறகுதான் அம்மா. குறைமாதக் குழந்தைகளின் இறப்பில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே நேர்ந்துவிடுகிறது. அந்த நாட்களில்தான் தாய் வெளியே நின்றாள். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளின் ஐந்து மருத்துவமனைகளில் அதையே சோதித்தது. 1 முதல் 1.8 கிலோ வரையுள்ள 3,211 குழந்தைகள். ஒரு பாதிக்குப் பிறந்த கையோடு தாயின் மார்பு. மறு பாதிக்கு வழக்கப்படி சீரான பிறகு. 28 நாட்களுக்குள் இறந்தவை வழக்கமான பிரிவில் 15.7 சதவீதம், பிறந்த கையோடு தாயிடம் கொடுத்த பிரிவில் 12 சதவீதம். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததும் மேற்பார்வைக் குழு ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தச் சொன்னது. மறு பாதிக் குழந்தைகளுக்கு அதை மறுப்பது இனி தர்மமாகாது என்பதுதான் அதற்குப் பொருள். 2021இல் முடிவுகள் வெளிவந்தன. 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையையே மாற்றியது: மூச்சுவிடவே முடியாத நிலை, அதிர்ச்சி நிலை போன்றவை இல்லையென்றால், பிறந்த உடனே தாயின் மார்பு.

இந்த ஆய்வின் இந்தியப் பகுதி நடந்தது டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தாய்மாருக்கும் கட்டில் போட வேண்டியிருந்தது. பிரசவம் பார்த்தவர்கள் அங்கேயே வந்து தாய்க்கு இரத்தப்போக்கு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்க வேண்டியிருந்தது. குழந்தைப் பிரிவுச் செவிலியரும் அதைக் கற்றுக்கொண்டார்கள். சிசேரியன் ஆன தாய் வந்து சேரும்வரை பாட்டியோ சித்தியோ குழந்தையை மார்பில் வைத்திருக்கலாம். இதற்கெல்லாம் இடம், சாப்பாடு, கழிப்பறை, கூடுதல் செவிலியர் வேண்டும். ஆய்வு முடிவு வந்த பிறகும் எத்தனையோ மருத்துவமனைகளில் தாய் ஒரு மாடியில், குழந்தை இன்னொரு மாடியில். தையல் வலியோடு, பீய்ச்சிய பாலைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அவள்தான் படியேறிப் போகிறாள்.